குவிமாடத்துக்கு அடியில் ஒரு மாடிப்படி

மும்பை விடி, அதாவது விக்டோரியா டெர்மினஸ், ஸ்டேஷனில் ஆயிரம் முறை ஏறி இறங்கியவரைப் பிடித்து நிறுத்தி, “அந்தப் பெரிய குவிமாடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். டிக்கெட் கவுண்டர் என்பார். பெரிய ஹால் என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியலையே என்பார். அங்கே இருப்பது ஒரு மாடிப்படி. மேல்மாடி ஆபீஸுக்குப் போகிற படி. ரயில் ஏற வந்தவர் அந்தப் பக்கம் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. 1888-இல் கட்டி முடித்தபோதும் இதே கதைதான்.

சென்னையிலிருந்து மெயிலில் போய் இறங்குகிறவர்கள் பாடு இன்னும் மோசம். வெளியூர் வண்டிகள் நிற்கும் கிழக்குப் பகுதி 1929-இல் சேர்த்தது. மூட்டை முடிச்சோடு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது டாக்ஸிக்காரர்கள்தான். குவிமாடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு மேற்கே வந்து, சாலையைக் கடந்து, மாநகராட்சிக் கட்டடத்தின் மூலையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஸ்டேஷனின் பெயர் 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று. 2017-இல் நடுவே ‘மகராஜ்’ சேர்ந்தது. மாட்டுங்கா, தாராவித் தமிழர்கள் வாயில் அது இன்னும் ‘விடி’தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அந்த மூலையில் நிற்பவர் ஒருதரம் திரும்பியும் பார்க்க வேண்டும். எதிரே விடி, முதுகுக்குப் பின்னால் மாநகராட்சி. இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், ஃபிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். அங்கிருந்து சர்ச்கேட் வரை நடந்தால், விடியைக் கட்டிய கம்பெனிக்குப் போட்டியான ரயில்வே கம்பெனியின் தலைமை அலுவலகம் நிற்கும். அதுவும் அவர் வரைந்ததே.

ரயில்வே கட்டடக் கலைஞர் என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றுகிற சொல். தண்டவாளம், பாலம், குகை, பிளாட்பாரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் இரும்புக் கூரை, இவை எல்லாம் பொறியாளர்களின் ராஜ்யம். கட்டடக் கலைஞரை அதற்கு அப்புறம்தான் கூப்பிடுவார்கள், ஸ்டேஷனுக்கு ஒரு முகம் வேண்டும் என்று. லண்டன் யூஸ்டனில் 1837-இல் ஃபிலிப் ஹார்ட்விக் கட்டியது கிரேக்கக் கோயில் பாணியில் ஒரு மாபெரும் தோரண வாயில். அதற்குள் ரயில் நுழைவதில்லை. கம்பெனியின் கௌரவம்தான் நுழைந்தது. லண்டனின் பேடிங்டன் ஸ்டேஷனைக் கட்டிய பொறியாளர் புரூனல், மேத்யூ டிக்பி வயட் என்ற கட்டடக் கலைஞருக்குக் கடிதம் எழுதி உதவிக்கு அழைத்தார். நகாசு வேலையின் நுணுக்கத்துக்குத் தனக்கு நேரமும் இல்லை, அந்த அறிவும் இல்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட கடிதம் அது. வயட்டின் வேலை இரும்புக் கூரையைக் கட்டுவது கிடையாது. பொறியாளர் கட்டுகிற கூரைக்குப் பூ வேலை செய்வது.

இந்த இரண்டு தொழிலும் அடுத்தடுத்து நின்று முறைத்துக்கொள்வதைப் பார்க்க வேண்டுமானால் லண்டனில் இரண்டு ஸ்டேஷன் போதும். 1852-இல் லூயிஸ் கியூபிட் கட்டிய கிங்ஸ் கிராஸில், பின்னால் உள்ள இரண்டு கூரைகளின் வளைவு அப்படியே முகப்பிலும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதோ அதுவே வெளியே. பக்கத்திலேயே செயின்ட் பாங்க்ராஸ். 1868-இல் அங்கே பொறியாளர் பார்லோ 240 அடி அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கூரை போட்டார். அடித்தளத்தில் தூண்களின் இடைவெளியை பீர் பீப்பாய்கள் அடுக்குவதற்குத் தோதாகக் கணக்கிட்டு வைத்த மனிதர் அவர். அதன் முன்னால் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வந்து, கோபுரமும் கூர்முனை ஜன்னலுமாகக் கோதிக் பாணியில் ஒரு ஹோட்டலை எழுப்பி, அந்தக் கூரையைத் தெருவிலிருந்து மறைத்தே விட்டார். ஸ்டீவன்ஸ் பிற்பாடு பம்பாயில் எடுத்தது இந்த இரண்டாவது வழி.

அவர் பிறந்தது 1847 நவம்பரில், இங்கிலாந்தின் பாத் நகரத்தில். தேன் நிறத்துச் சுண்ணாம்புக் கல்லால் ஊரையே கட்டிவைத்திருக்கும் இடம் அது. பதினைந்து வயது ஆகும் முன்பே, 1862-இல், அந்த ஊர்க் கட்டடக் கலைஞர் சார்லஸ் டேவிஸிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். இந்த டேவிஸ்தான் பின்னாளில் பாத் நகரின் ரோமானியக் குளியல் தொட்டிகளைத் தோண்டி வெளியே கொண்டுவந்தவர். 1867-இல் ஸ்டீவன்ஸ் தேர்வு எழுதி இந்தியப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் ஆனார். முதல் போஸ்டிங் புணே, பிறகு பம்பாய். ஆக நம் ‘ரயில்வே கட்டடக் கலைஞர்’ ரயில்வேயில் சேர்ந்தவரே இல்லை. பி.டபிள்யூ.டி. ஆள்.

வந்த நேரம் நல்ல நேரம். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் போகும் பருத்தி நின்றபோது பம்பாய்ப் பருத்திக்கு அடித்தது யோகம். நகரத்தில் பணம் புரண்டது. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்து வங்கிகள் கவிழ்ந்தன என்றாலும், அதற்குள் கவர்னர் பார்ட்டில் ஃபிரியர் பழைய கோட்டை மதில்களை இடிக்க வைத்து, கிடைத்த காலி நிலத்தில் புது நகரத்துக்குக் கோடு போட்டுவிட்டார். மதில் இடித்த இடத்தில் எழ வேண்டிய கட்டடங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் டிரப்ஷா. அவருக்குக் கீழேதான் ஸ்டீவன்ஸ் வந்து சேர்ந்தார். கண் முன்னே செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. பல்கலைக்கழக நூலகத்தையும் ராஜாபாய் கோபுரத்தையும் வரைந்தவர், மேலே சொன்ன அதே கில்பர்ட் ஸ்காட். ஆனால் அவர் பம்பாய்க்கு ஒரு தடவைகூட வரவில்லை. லண்டனில் உட்கார்ந்தபடியே வரைபடத்தை அனுப்பினார். ஸ்டீவன்ஸ் இங்கேயே கிடந்தார். எந்தக் கல் மழைக்குத் தாங்கும், எந்தக் கல்லில் உளி சுலபமாக இறங்கும், எந்த மேஸ்திரியை நம்பலாம் என்பதெல்லாம் கிடந்து பழகியவருக்குத்தான் தெரியும்.

முதல் பெரிய வேலை மாலுமிகள் விடுதி. 1870-இல் விக்டோரியாவின் மகன் எடின்பரோ கோமகன் அடிக்கல் நாட்ட, 1876-இல் முடிந்தது. முகப்பு முக்கோணத்தில் கடல் தேவன் நெப்டியூன் இருக்கிறார். இப்போது அது மகாராஷ்டிரப் போலீஸ் தலைமையகம். நெப்டியூனும் போலீஸ் காவலில்தான் இருக்கிறார். இந்தக் கட்டடத்தால் கிடைத்த பெயரில்தான் அடுத்த அழைப்பு வந்தது. 1877-இல் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, சுருக்கமாக ஜிஐபி, தன் டெர்மினஸுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் வரைபடம் போட ஸ்டீவன்ஸைக் கடனாகக் கேட்டது. அரசு அனுப்பிவைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பது.

ஜிஐபிக்கு ஏன் இவ்வளவு பெரிய முகம் தேவைப்பட்டது? 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை, இன்று விடி நிற்கும் போரி பந்தரிலிருந்து தானே வரை 21 மைல் ஓட்டிய கம்பெனி அது. அதற்குப் பிறகு இருபதே ஆண்டுகளில், பம்பாய்க்கும் புணேவுக்கும் நடுவே உள்ள போர் காட் மலையை ஏறிவிட்டது. 1870-இல் கல்கத்தா வழி திறந்தது. 1871-இல் ராய்ச்சூரில் மதராஸ் ரயில்வேயோடு கை கோத்தது. மதராஸும் பம்பாயும் தண்டவாளத்தால் இணைந்தது அப்போதுதான். இதற்கிடையில் 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பலுக்கு இந்தியாவின் வாசல் பம்பாய் என்றாயிற்று. வாசலில் நிற்கும் கம்பெனி ஒரு கொட்டகையில் குடியிருந்தால் நன்றாகவா இருக்கும்?

பணத்தைப் பற்றி அந்தக் கம்பெனிக்குப் பெரிய கவலை கிடையாது. அன்றைய ரயில்வே ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து உண்டு. லண்டனில் பங்கு வாங்கியவருக்குப் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் உறுதி. ரயில் சம்பாதித்தால் அதிலிருந்து. சம்பாதிக்காவிட்டால் இந்திய அரசின் கஜானாவிலிருந்து. சிக்கனம் பார்க்கிறவனுக்கு லாபமும் இல்லை, ஊதாரிக்கு நட்டமும் இல்லை என்ற ஏற்பாடு. 1878 மே மாதம் வேலை தொடங்கியது. தென்னிந்தியாவையும் தக்காணத்தையும் தாது வருஷப் பஞ்சம் வாரிக்கொண்டு போய், லட்சக்கணக்கானோர் செத்து ஓய்ந்த ஆண்டு அது. ஸ்டீவன்ஸின் கல்வேலையை எத்தனை ரசித்தாலும், அந்தத் தேதியைப் பார்க்கும்போது எனக்குச் சுருக்கென்கிறது. அஸ்திவாரம் தோண்டியவர்களில் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

இனி கட்டடத்துக்கு வருவோம். தரைப்படம் திறந்த பெட்டி மாதிரி. நடுவில் முற்றம், இரண்டு சிறகுகள் நீண்டு தெருவைப் பார்த்து நிற்கின்றன, இரண்டையும் இணைக்கும் உடலின் நடுவே குவிமாடம். இதெல்லாம் ஜிஐபியின் ஆபீஸ். பிளாட்பாரங்கள் இதன் பக்கத்தில், ஒட்டி நிற்கின்றன. வடக்குச் சிறகின் கீழ்த்தளத்தில் மட்டும் ரயில் ஏற வருகிறவனுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். டிக்கெட் ஹாலாக இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த இடத்துக்கு ‘ஸ்டார் சேம்பர்’ என்று பெயர். மேற்கூரையில் நீலப் பின்னணியில் பொன் நட்சத்திரங்கள். பீக் அவரில் பாஸ் வாங்க வரிசையில் நிற்பவர்களில் யாராவது தலையை நிமிர்த்துகிறார்களா என்பது வேறு விஷயம்.

குவிமாடம் எண்கோணம், முழுக்கக் கல். வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு சென்ட்ரிங் என்றால் தெரியும். கான்கிரீட் இறுகும்வரை அடியில் பலகையும் முட்டுக்கட்டையும் கொடுத்துத் தாங்குவது. கல்லில் வளைவோ குவிமாடமோ கட்டினாலும் அதே கதைதான். கடைசிக் கல் மாட்டும்வரை அடியில் மரச்சட்டம் தாங்க வேண்டும். விடியின் குவிமாடத்தை அப்படித் தாங்கல் கொடுக்காமலே எழுப்பினார்கள். எட்டு மூலையிலிருந்தும் எழும் கல் விலாக்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பூட்டிக்கொண்டே போனார்கள். எழ எழ அது தன்னைத்தானே தாங்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் இதைப் புதுமை என்று பேசினார்கள். அதன் அடியில்தான் அந்த மாடிப்படி. கற்படிகளின் ஒரு முனை மட்டும் சுவருக்குள் செருகியிருக்கிறது. மறு முனை அந்தரத்தில். கீழே நின்று மேலே பார்த்தால், படிகள் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி ஏறி, குவிமாடத்தின் வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தில் கரையும். பயணிக்குக் காட்டாமல் குமாஸ்தாவுக்குக் காட்டிய அழகு.

குவிமாடத்தின் உச்சியில் ‘முன்னேற்றம்’ என்று பெயரிட்ட பெண் சிலை, ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் ஆரக்கால் சக்கரம். அதைச் செய்தவர் லண்டன் சிற்பி தாமஸ் எர்ப். அங்கே சேரிங் கிராஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் எலினார் நினைவுத் தூணைச் செதுக்கியவரும் அவரே. வாசல் தூண்களில் பிரிட்டனுக்கு ஒரு சிங்கம், இந்தியாவுக்கு ஒரு புலி. அவையும் எர்ப் கைவேலை. மிச்சம் அத்தனையும், அதாவது தூண் தலைப்புகள், ஜன்னல் ஓரங்கள், மழைநீர்த் தூம்புகள் எல்லாமே பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி மாணவர்கள் ஜான் கிரிஃபித்ஸின் மேற்பார்வையில் செதுக்கியவை. கட்டடத்தை ஸ்டேஷன் என்று பார்க்காமல் சிற்பம் என்று பார்க்க ஆரம்பித்தால் அன்றைய வேலை கெட்டது. மயில் இருக்கிறது, குரங்கு இருக்கிறது, அணில் இருக்கிறது. பம்பாயின் பல சமூகத்தாருடைய முகங்கள் வட்டச் சிற்பங்களில் விதவிதமான தலைப்பாகையோடு நிற்கின்றன. முகப்பில் கம்பெனிப் பெரியவர்களின் மார்பளவுச் சிலைகளுக்கு நடுவே இரண்டு இந்தியர்கள், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜகந்நாத் சங்கர்சேட்டும். கடிகாரத்துக்குக் கீழே இருந்த விக்டோரியாவைச் சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். மாடம் காலியாகக் கிடக்கிறது.

நகாசு வேலைக்கு எடுத்த கல் போர்பந்தரிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல். பூப்போல உளி இறங்கும். கடற்காற்றுக்கும் கந்தகப் புகைக்கும் பூப்போலவே உதிரவும் செய்யும். தேன்நிறச் சுண்ணாம்புக் கல் ஊரில் வளர்ந்தவருக்கு இந்தக் கல்லின் மேல் கை போனதில் வியப்பில்லை என்பது என் ஊகம். பம்பாயின் கருங்கல்லில் இந்த அணிலைச் செதுக்க ஆரம்பித்திருந்தால் மாணவர்கள் இன்னும் செதுக்கிக்கொண்டிருப்பார்கள்.

1882 புத்தாண்டு அன்று ஸ்டேஷனின் ஒரு பகுதியைப் பயணிகளுக்குத் திறந்தார்கள். 1887-இல் ராணியின் பொன்விழாவை ஒட்டி விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் வைத்தார்கள். 1888 மே மாதம் அலுவலகக் கட்டடம் முடிந்தது. பத்து வருஷம், சுமார் 16 லட்சம் ரூபாய். அந்தப் பத்து வருஷமும் வெயிலில் நின்று வேலை வாங்கியவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் மாதவராவ் ஜனார்தனும். வழக்கம்போல அந்தப் பெயர்கள் சின்ன எழுத்தில் போய்விட்டன.

பெயர் விஷயத்தில் ஸ்டீவன்ஸுக்கே ஒரு சிக்கல் வந்தது. அவர் போட்ட வரைபடத்தை வைத்து, ஸ்வீடனில் பிறந்து லண்டனில் இருந்த ஓவியர் ஆக்ஸல் ஹேக் பெரிய நீர்வண்ணப் படம் ஒன்றைத் தீட்டினார். மேகம், வெளிச்சம், மாட்டுவண்டி, ஜனக்கூட்டம் என்று கட்டடம் அதில் உயிரோடு நின்றது. 1880-இல் லண்டன் ராயல் அகாடமியில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். படம் அத்தனை பிரமாதமாக அமைந்துவிட்டதால், கட்டடத்தை வரைந்ததே ஹேக்தான் என்று எழுதியவர்களும் உண்டு.

1884-இல் ஸ்டீவன்ஸ் அரசு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் வைஸ்ராய் ரிப்பன் விடிக்கு எதிரே மாநகராட்சிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். இங்கே சென்னைக்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம், இந்திய, இஸ்லாமிய அம்சங்களைக் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் வரைந்த திட்டத்தை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு மனம் மாறி, ஸ்டீவன்ஸின் கோதிக் திட்டத்துக்குப் போனார்கள். எதிரே விடி அப்படி நிற்கும்போது வேறு முகத்தை நிறுத்த மனம் வரவில்லை போலும். இரண்டு சாலைகள் பிரியும் முனையில், கத்தி முனைபோல் ஒடுங்கும் மனை. அந்த முனையிலேயே கோபுரத்தை நட்டு, இரண்டு சிறகுகளை இரு சாலையோரமாகவும் ஓடவிட்டார். மனையின் குறையை முகமாக மாற்றிய இந்த ஒரு தந்திரத்துக்காகவே, வரைபடம் என்ற அளவில் இதை விடிக்கும் மேலே வைப்பேன்.

1893 ஜூலை 31 அன்று முடிந்த அந்தக் கட்டடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதிப்பீடு 11,88,082 ரூபாய். ஆன செலவு 11,19,969 ரூபாய். அதாவது 68,113 ரூபாய் மிச்சம். கான்ட்ராக்டர் பெயர் வெங்கூ பாலாஜி காலேவார். கூடவே, விடியில் நின்ற அதே சீதாராம் கண்டேராவின் பெயர், இந்த முறை கல்லில். நகராட்சி வேலை ஒன்று மதிப்பீட்டுக்குக் கீழே முடிந்தது என்பதைக் கல்லில் வெட்டித்தான் வைக்க வேண்டும். காகிதத்தில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஐந்து சதவீத உறுதி இல்லாத இடத்தில் அதே ஆட்களால் கணக்குப் பார்த்தும் கட்ட முடிந்திருக்கிறது.

பிறகு போட்டிக் கம்பெனியான பாம்பே பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வேயும் ஸ்டீவன்ஸையே தேடி வந்தது. எதிராளிக்கு முகம் செய்துகொடுத்தவரிடமே நமக்கும் ஒன்று என்று கேட்பது வியாபாரத்தில் சகஜம்தான். 1890-களில் சர்ச்கேட்டில் எழுந்த அந்தத் தலைமை அலுவலகம் கருநீலக் கல்லில், நடுநடுவே வெள்ளைப் பட்டைகளோடு, வெங்காயக் குமிழ் போன்ற மாடங்களோடு நிற்கிறது. உச்சியில் ஒரு பெண் சிலை, கையில் ரயில் எஞ்சின். கோதிக்கைக் கட்டிக்கொண்டு அழுத மனிதர் கடைசியில் சிஷோம் போன வழியில் ஓரடி வைத்திருக்கிறார். இதற்கு அடியிலும் பிளாட்பாரம் கிடையாது, ஆபீஸ்தான்.

ஸ்டீவன்ஸுக்கு அரசு சி.ஐ.இ. என்ற பிரிட்டிஷ் கௌரவப் பட்டம் கொடுத்தது. ஃபோர்ட் பகுதியில் வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வரிசையில் நின்றன. மலைமேல் நைனிடாலில் கவர்னர் மாளிகையையும் அவரே வரைந்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, 1900 மார்ச் மாதம், மலேரியாவில் பம்பாயிலேயே காலமானார். வயது ஐம்பத்திரண்டு. சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். தொழிலை மகன் சார்லஸ் தொடர்ந்தார். 1933-இல் கொலாபாவில் திறந்த ரீகல் சினிமா அவர் வரைந்தது. ரயிலை விட்டுக் குடும்பம் சினிமாவுக்கு வந்துவிட்டது.

அதே 1900-இல் ஜிஐபியை அரசு விலைக்கு வாங்கியது. இன்று அந்தக் கட்டடம் மத்திய ரயில்வேயின் தலைமையகம். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிற பார்வையாளர்களைக் குவிமாடத்துக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அவர்கள் செல்ஃபோனை உயர்த்திப் பிடித்து மேலே பார்த்தபடி படியை மறித்து நிற்க, கக்கத்தில் ஃபைலை இடுக்கிக்கொண்டு ஆபீஸ்காரர்கள் ஓரமாக ஒதுங்கி ஏறிப் போகிறார்கள்.